ஆற்றிலிருந்து எடுத்தாலும் அளந்து எடுப்போம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நம் பள்ளிக்குத் திருநாள். ஆண்டு முழுதும் படித்து, ஓடி, ஆடி, பாடிப் பரிசு பெற வந்திருக்கும் பிள்ளைகளை முதலில் மனமார வாழ்த்துகிறேன். பரிசு கிடைக்காத பிள்ளைகளையும் வாழ்த்துகிறேன். அவர்களுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'ஆறும் கடலும் நம் கடமையும்' என்பது. "விழா நாளும் அதுவுமா குப்பையைப் பத்தித்தான் பேசணுமா டீச்சர்?" என்று சிலர் மனத்துக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. பேசத்தான் வேண்டும். ஏனென்றால் உங்கள் எல்லார் வீட்டிலும் ஒரு கடிதம் இருக்கிறது. வரும் செப்டம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களையும், வர விரும்பும் பெற்றோர்களையும் அழைத்துக்கொண்டு நம் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையைத் துப்புரவு செய்வது, அதற்கடுத்த மாதம் கடற்கரைக்குப் போவது என்று பள்ளி முடிவு செய்திருக்கிறது. அதற்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு எழுதிய கடிதம் அது. அனுப்பியதில் பாதிகூட இன்னும் கையெழுத்தாகித் திரும்பி வரவில்லை. மறந்துபோனவர்கள் சிலர். மனம் ஒப்பாமல் அலமாரி மேல் வைத்திருப்பவர்கள் பலர். இந்த இரண்டாவது வகையினரோடுதான் நான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அந்த ஆறு எங்கே போகிறது என்று பார்ப்போம். நம் பிள்ளைகள் மீன் பிடிக்கும் அந்தச் சிற்றாறு செம்பனைக் காட்டைத் தாண்டி ஜொகூர் ஆற்றில் கலக்கிறது. ஜொகூர் ஆறு ஏறக்குறைய 122 கிலோமீட்டர் ஓடி, கோத்தா திங்கியைத் தொட்டு, தெற்கே ஜொகூர் நீரிணையில் விழுகிறது. அது வெறும் ஆறு அல்ல. இரண்டு நாட்டு மக்களின் குடத்துத் தண்ணீர். ஜொகூர் மக்கள் அதைக் குடிக்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரும் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது. 2017-லும் 2019-லும் அம்மோனியா கலந்து ஆற்று நீர் கெட்டபோது, சுத்திகரிப்பு நிலையங்களையே மூட வேண்டி வந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது என்று சொல்லும்படி எத்தனையோ குடும்பங்கள் தவித்தன.

ஆறு கடலில் விழும் இடத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஜொகூர் நீரிணையின் கரையோரத்தில் ஓராங் செலேத்தார் என்னும் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறார்கள். மீனும் நண்டும் சிப்பியும்தான் அவர்களுக்குச் சோறு. நாம் லோங்காங்கில் போடும் பிளாஸ்டிக் பை மழை வெள்ளத்தில் ஆற்றுக்குப் போய், ஆற்றிலிருந்து நீரிணைக்குப் போய், ஒரு நாள் அவர்கள் வலையில் மீனுக்குப் பதிலாக ஏறும். நம்மைப் போலவே அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழையின் வலை அது.

நீரிணைக்கு மேற்கே போனால் புலாவ் கூக்குப், தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் என்று மூன்று சதுப்புநிலக் காடுகள் உள்ளன. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனையே தஞ்சோங் பியாய்தான். இந்த மூன்று இடங்களும் 2003-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கண்டல் மரத்தின் வேர்கள் கரையை அலை அரிக்காமல் பிடித்துக் கொள்கின்றன. மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் தொட்டிலாக இருக்கின்றன. அதே வேர்கள் மிதந்து வரும் பிளாஸ்டிக்கையும் பிடித்துக் கொள்கின்றன. பை சுற்றிக்கொண்ட இளங்கன்று நிமிர முடியாமல் சாய்ந்துபோகும்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. பெற்றோரிடம் சொன்னபோது ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், எங்க தாத்தா காடு வெட்டினாரு. எங்கப்பா லோங்காங் வெட்டினாரு. நான் இருபது வருசமா மருந்தடிச்சேன். எம்புள்ளயாச்சும் பேனா பிடிக்கட்டும்னு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். நீங்க அவன் கையில சாக்கக் குடுத்துக் குப்ப பொறுக்கச் சொல்றீங்களே, இது நியாயமா?"

நியாயமான கேள்வி. அதில் மூன்று தலைமுறையின் வலி இருக்கிறது. இந்த மண்ணில் எது அழுக்கோ, எது ஆபத்தோ, எது அடுத்தவன் செய்ய மாட்டேன் என்றானோ, அந்த வேலைக்கெல்லாம் நம்மை அனுப்பினார்கள். அந்த நினைவு உள்ளவர் தன் பிள்ளை கையில் சாக்கைப் பார்த்தால் நெஞ்சு துடிக்கத்தான் செய்யும். அதனால் 'நாட்டுக்கு நல்லது, கையெழுத்துப் போடுங்கள்' என்று மேலோட்டமாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. இரண்டு பதில் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் பதில்: யாருடைய பொருள் என்பது. நாம் குடியிருக்கும் வீடு கம்பெனி வீடு. வேலை ஓய்ந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாசலில் நாம் நட்ட முருங்கை மரம்கூடக் கம்பெனி மண்ணில்தான் நிற்கிறது. ஆனால் அந்த ஆறு? நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் பாருங்கள். ஆறுகள் மாநிலத்தின் பொறுப்பு என்று அங்கே இருக்கிறது. எந்தக் கம்பெனியும் 'இது என் ஆறு' என்று வேலி போட முடியாது. ஆற்றின் அகலத்துக்கு ஏற்றபடி இரு கரையிலும் 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை ஒதுக்கிவிட வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி சொல்கிறது. இந்த மாநிலம் குடிமக்களாகிய நமக்கும் உரியது என்றால், நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பொதுச் சொத்து என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடியது அந்த ஆறு ஒன்றுதான்.

மண்டோர் சொல்லி அடுத்தவன் வாசலைக் கூட்டினால் அது கூலி வேலை. விடியற்காலையில் எழுந்து நம் வாசலை நாமே கூட்டி, தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறோமே, அதைக் கூலி வேலை என்று யாராவது சொல்வார்களா? அக்காமார்களே, நீங்களே சொல்லுங்கள். விளக்குமாறு ஒன்றுதான். பிடிக்கிற கை, வீட்டுக்கு உடையவள் கை.

இரண்டாவது பதில் பேனாவைப் பற்றியது. இதைச் சொல்ல நான் உங்களைக் கொஞ்சம் தூரம் அழைத்துப் போக வேண்டும்.

1986-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் லிண்டா மரானிஸ், கேத்தி ஒஹாரா என்ற இரு பெண்கள் ஒரு கடற்கரைத் துப்புரவுக்கு மக்களை அழைத்தார்கள். 2,800 பேர் வந்தார்கள். இரண்டே மணி நேரத்தில் 124 டன் குப்பை எடுத்தார்கள். அத்தோடு நின்றிருந்தால் அதை உலகம் மறந்திருக்கும். அவர்கள் வந்தவர்களிடம் ஓர் அட்டையையும் கொடுத்தார்கள். எடுத்த ஒவ்வொன்றையும் எழுது என்றார்கள். போத்தல் எத்தனை, கயிறு எத்தனை, மூடி எத்தனை, பை எத்தனை? அந்த அட்டைதான் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு நாள் என்னும் இயக்கமாக வளர்ந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டி இது நடக்கிறது. நம் மலேசியாவிலும் நடக்கிறது. நாம் அந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

எண்ணுவதால் என்ன பயன்? ஓர் உதாரணம் சொல்கிறேன். நெடுங்காலமாக உலகக் கரைகளில் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது சிகரெட் துண்டு. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் முதல் தடவையாக அதைத் தின்பண்ட உறை முந்தியது. அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுதும் பொறுக்கிய தின்பண்ட உறைகள் 47 லட்சத்துக்கும் மேல்! மாணவச் செல்வங்களே, ஏன் தலையைக் குனிகிறீர்கள்? உங்களைத் திட்டவில்லை. கணக்கைச் சொன்னேன். கணக்கு பொய் சொல்லாது. யாரையும் வையவும் செய்யாது. 'இது எந்தக் கையிலிருந்து வந்தது?' என்று மட்டும் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது தோட்டத்து மக்களாகிய நாம் யோசிக்க வேண்டும். கணக்கு நமக்குப் புதியதா? பொழுது விடியும் முன் பெரட்டில் நிறுத்தி நம்மை எண்ணினார்கள். ஸ்டோரில் பாலை நிறுத்தார்கள். செம்பனை வந்த பிறகு குலையை எண்ணினார்கள். எத்தனை மரம், எத்தனை வாளி, எத்தனை குலை, எத்தனை நாள் என்று நூறு ஆண்டுகளாக நம் வாழ்க்கை கணக்காகவே கிடந்தது. ஆனால் எண்ணப்பட்டவர்கள் நாம். எழுதிய பேனா எப்போதும் கிராணியின் கையில் இருந்தது. "எம்புள்ளயாச்சும் பேனா பிடிக்கட்டும்" என்று கேட்ட அண்ணனுக்கு நான் சொல்வது இதுதான். அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவன் சாக்கைப் பிடிப்பான். இன்னொருவன் பேனாவும் அட்டையும் பிடிப்பான். அரை மணிக்கு ஒரு தரம் மாற்றிக்கொள்வார்கள். இந்த ஆற்றுக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று முதல் தடவையாக நம் பிள்ளைகள் எண்ணி எழுதப் போகிறார்கள்.

அளந்தால் மாற்றம் வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் செம்பனை ஆலைக் கழிவுநீர் ஆற்றில் கலந்து, நீர் கறுத்து நாறி, மீன் செத்து மிதந்ததை வயதானவர்கள் கண்டிருக்கிறார்கள். 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-ல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், மறு ஆண்டில் ரப்பர் தொழிற்சாலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. அந்த விதி ஒரு சின்ன வேலையைச் செய்தது. கழிவுநீர் ஆற்றிலுள்ள பிராணவாயுவை எவ்வளவு தின்னும் என்பதை அளந்து காட்டச் சொன்னது. மீனும் நம்மைப் போல் மூச்சுவிடும் உயிர். கழிவு பிராணவாயுவைத் தின்றுவிட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். 1978-ல் ஒரு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை என்று இருந்த அனுமதி, படிப்படியாக இறங்கி 1984-ல் 100 மில்லிகிராம் ஆனது. ஆலைகள் கழிவுக் குளங்கள் வெட்டி, நாள்கணக்கில் நிறுத்திப் பதப்படுத்தி விடக் கற்றுக்கொண்டன. 2024-ல் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தை 10 மில்லியன் வெள்ளி வரை உயர்த்தியிருக்கிறார்கள். மீறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மீறல் என்று சொல்வதற்கே ஓர் அளவு வேண்டும் அல்லவா?

ஜொகூரின் மறுகோடியில், கேலாங் பாத்தா பக்கம், மீனவக் கிராமத்துப் பிள்ளைகளும் இதைத்தான் செய்தார்கள். 2008-ஆம் ஆண்டு தஞ்சோங் கூப்பாங் வட்டாரத்தில் கெலாப் அலாமி என்ற இயற்கைக் கழகம் தொடங்கியது. டாக்டர் செரினா ரஹ்மானும் மற்றவர்களும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் கடலைப் பார்த்து எழுதப் பழக்கினார்கள். பூலாய் ஆற்று முகத்தில் கடற்புல் மேடு இருக்கிறது. கடற்குதிரை வாழும் இடம். கடல்பசு மேயும் இடம். அங்கே என்ன முளைக்கிறது, எது அழிகிறது என்று நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் நடந்து அந்தப் பிள்ளைகள் பதிவு செய்தார்கள். படித்தவர்கள் வந்து கேட்டால், பதில் சொல்லும் இடத்தில் மீனவன் பிள்ளை நின்றான். மீனவன் பிள்ளைக்கு முடிந்தது நம் பிள்ளைக்கு முடியாதா?

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1992 முதல் கடலோரத் துப்புரவு நடந்து வருகிறது. பல ஆண்டுகளாக அதை ஒருங்கிணைத்தவர் சிவசோதி என்னும் உயிரியல் விரிவுரையாளர். கிராஞ்சிப் பக்கத்துச் சதுப்பில் மாணவர்களோடு அவரும் முழங்கால் சேற்றில் இறங்கிக் குப்பை எடுப்பார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர் சேற்றில் இறங்கினால் படிப்பு குறைந்தா போகிறது? படித்தவன் இறங்கினால்தான் கணக்கு கூடுகிறது.

"ஒரு நாள் பொறுக்கினா மறுநாளே வந்துடுமே டீச்சர்" என்று இன்னொரு கேள்வி. உண்மைதான். மும்பையில் வெர்சோவா என்று ஒரு கடற்கரை. குப்பை மலையாய்க் கிடந்த இடம். 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பொறுக்கத் தொடங்கினார். வாரம் தவறாமல் பொறுக்கினார். குப்பை மறுபடி வந்தது. அவரும் மறுபடி வந்தார். பிறகு ஊரே வந்தது. 2018 மார்ச் மாதம், இருபது ஆண்டுகளாகக் காணாத கடலாமைக் குஞ்சுகள் அந்த மணலிலிருந்து வெளிவந்து கடலுக்கு ஓடின. ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் நகரும் என்பார்கள். ஆனால் முதலில் யாராவது இருவர் வடத்தைத் தொட வேண்டும்.

இனி நம் பங்கைப் பற்றி நாமே பேசிக்கொள்வோம். ஆலை மேல் பழி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. நம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் எங்கே ஜோடிக்கிறோம்? ஆற்றங்கரையில். கருமாதி எங்கே செய்கிறோம்? ஆற்றங்கரையில். பிறந்த கடனும் இறந்த கடனும் அந்தத் தண்ணீரில்தான் தீர்க்கிறோம். பூவும் மண்சட்டியும் வாழையிலையும் நீரோடு போய் மண்ணாகும். பன்னீர்ப் போத்தல் மண்ணாகாது. கற்பூரப் பொட்டலம், ஊதுபத்தி உறை, பிளாஸ்டிக் மாலை, அன்னதானப் பெட்டி, தண்ணீர்க் குவளை, எதுவும் மண்ணாகாது. உடைந்து உடைந்து பொடியாகி மீன் வயிற்றுக்குப் போகும். சாமியைக் கும்பிட்ட கையாலேயே சாமி நின்ற இடத்தை அழுக்காக்கலாமா? ஒரு சாக்கை மரத்தில் கட்டி வைத்தால் போதுமே! சடங்கு முடிந்ததும் அதை எடுத்து வருவதும் சடங்கின் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம்.

அடைத்துக் கிடக்கும் லோங்காங்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு குவளையில் விரல் அளவு தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். டெங்கிக் காய்ச்சல் கிராணி வீடு, தொழிலாளி வீடு என்று பார்ப்பதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தனை மழைக்கு நாம் பொறுப்பில்லை. ஆனால் மழை பெய்யும்போது நம் வீட்டு முன்னால் தண்ணீர் ஓடுவதும் நிற்பதும் ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது.

கண்ணுக்கு மறைத்துவிட்டால் சுத்தம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜொகூர் பாருவின் நடுவே ஓடும் செகெட் ஆற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்றம் தாங்காமல் ஒரு சமயம் அதன் மேல் கான்கிரீட் போட்டு மூடினார்கள். பிறகு அது சரியான வழியல்ல என்று திறந்து, கழிவுநீரைத் தடுத்துச் சீர்செய்தார்கள். ஆற்றை மூடினால் ஆறு சுத்தமாகிவிடாது. வீட்டுப் பின்புறம் குழி தோண்டிப் புதைப்பதும், இரவில் கொளுத்துவதும் அதே போலத்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றித் தாய்மார்களுக்குக் கவலை இருக்கும். இருக்கவும் வேண்டும். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் நடந்ததை யாரால் மறக்க முடியும்? கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடு இரவாக இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள். ஆற்றைக் கெடுத்தவன் யாரோ. தண்டனை அனுபவித்தது சீருடை போட்ட பிள்ளைகள். ஆகவே ஆற்றை எட்டி நின்று பார்ப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. ஆனால் எந்த ஆற்றில் எப்படிக் கை வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். தயவுசெய்து மனத்தில் வையுங்கள்.

காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடித்துவிடுவோம். மத்தியான இடி மழைக்கு முன் எல்லாரும் வீட்டில் இருப்போம். பிள்ளைகள் பசியாறிவிட்டு வர வேண்டும். முழங்கால் சப்பாத்தும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கரையில் மட்டும். தண்ணீரில் பெரியவர்கள் மட்டும். கையில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் கணக்கு எழுதலாம், தண்ணீரைத் தொடக் கூடாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் காயத்தின் வழியாக நுழையும். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் பெரியவர்கள் இடுக்கியால் எடுத்துத் தனி வாளியில் போடுவார்கள். பெயர் தெரியாத பீப்பாய், விநோத வாடை, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் கண்டால் கிட்டப் போகாமல் திரும்பிவிட வேண்டும். சுற்றுச்சூழல் இலாகாவுக்கு நாங்கள் தெரிவிப்போம். மருந்து டின்னைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை. ஆனாலும் பழைய டின்கள் எங்கெங்கோ கிடக்கலாம். மருந்தடிக்கும் அக்காமார்களே, டின்னைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றோடு நிறுத்துங்கள். மூன்று தரம் அலசி, அடியில் ஓட்டை போட்டு, ஸ்டோரில் ஒப்படைப்பதுதான் முறை.

கடற்கரைக்குப் போகும்போது நீர் வற்றும் நேரம் பார்த்துப் போவோம். வேரில் சிக்கிய வலையை இழுக்கக் கூடாது. இழுத்தால் கன்றும் பிடுங்கிக்கொண்டு வரும். கத்தரித்து எடுக்க வேண்டும். காய்ந்த மட்டை, கட்டை, இலை இவற்றைத் தொட வேண்டாம். அவை கரைக்கு உரியவை. நம் கையிலிருந்து போனதை மட்டும் நாம் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியச் சகோதரர்களையும் கூப்பிடுங்கள். கொத்தோங் ரோயோங் என்றால் இந்தோனேசியருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆற்று மீனைத்தான் எல்லாரும் குழம்பு வைக்கிறோம்.

எண்ணி முடித்த கணக்கை என்ன செய்யப் போகிறோம்? நான்கு பிரதி எழுதப் போகிறோம். ஒன்று பள்ளிச் சுவரில் இருக்கும். ஒன்று கோயில் மண்டபத்தில் இருக்கும். ஒன்று தோட்ட நிர்வாகிக்குப் போகும். ஒன்று ஊராட்சி மன்றத்துக்குப் போகும். போத்தலும் பெட்டியும் நம்முடையது என்று கணக்கு சொன்னால் நாம் திருந்துவோம். எண்ணெய்ப் படலம் இத்தனை இடத்தில் கண்டோம், மருந்து டின் இத்தனை எடுத்தோம் என்று கணக்கு சொன்னால், அதற்குரியவர்களிடம் கையெழுத்தோடு கேட்போம். கூச்சல் போட்டால் 'தோட்டத்து ஆளுங்க கத்துறாங்க' என்று போய்விடுவார்கள். தேதியும் எண்ணும் போட்ட தாளை அப்படித் தள்ள முடியாது. குப்பைத் தொட்டி இந்த இடத்தில் வேண்டும், வாரம் இரண்டு தரம் வண்டி வர வேண்டும் என்று கேட்கவும் அதே தாள்தான் நமக்கு வாய்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். செலவைச் சொன்ன பழமொழி அது. நாம் அளக்காமல் போட்டுவிட்டோம். இனி எடுக்கும்போதாவது அளந்து எடுப்போம்.

மாணவச் செல்வங்களே, அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழாவில் இந்த மேடையில் இரண்டு எண்களை வாசிக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். முதல் எண், இந்த செப்டம்பரில் நாம் எடுத்த தின்பண்ட உறைகள். இரண்டாவது எண், ஆறு மாதம் கழித்து அதே கரையில் எடுத்தவை. இரண்டாவது எண் சிறியதாக இருந்தால் அந்தப் பரிசு ஒரு பிள்ளைக்கு அல்ல, இந்தத் தோட்டத்துக்கே சேரும். பெரியதாக இருந்தாலும் மறைக்காமல் வாசிப்போம்.

பெற்றோர்களே, கடிதம் அலமாரி மேல்தான் இருக்கிறது. திங்கட்கிழமை பிள்ளையின் பையில் போட்டு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல், முடிந்தவர்கள் நீங்களும் வாருங்கள். பேனாக்களைப் பள்ளி வாங்கி வைத்திருக்கிறது. சாக்கு மட்டும் வீட்டுக்கு ஒன்று கொண்டு வாருங்கள்.